பிடே சீட் வாங்கப் போறீங்களா? முதல்ல உங்க பாத்ரூமை அளந்துடுங்க

போன ஜனவரியில் அம்மா ஈரோட்டிலிருந்து தில்லிக்கு, என் வீட்டுக்கு வந்திருந்தார். வந்த ஒரு வாரத்தில் படிக்கட்டில் வழுக்கி விழுந்து இடது மணிக்கட்டு உடைந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. சாப்பிட வலது கை இருக்கிறதே என்று நான் நிம்மதியாகத்தான் இருந்தேன். மூன்றாவது நாள்தான் கவனித்தேன். காலையில் நிரப்பி வைத்த தண்ணீர் பாட்டில் ராத்திரி வரை அப்படியே இருந்தது. தட்டில் பாதிச் சாப்பாடு மிச்சம். திரும்பத் திரும்பக் கேட்ட பிறகு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "பாத்ரூம் போனா கழுவிக்க முடியல கண்ணு. அதான் கொறச்சுக்கிட்டேன்."

அன்று ராத்திரியே ஆன்லைனில் ஒரு எலெக்ட்ரானிக் பிடே சீட் ஆர்டர் போட்டேன். இரண்டு நாளில் வந்தது. கமோட்டில் பொருந்தவில்லை, முன்பக்கம் நாலு சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டு நின்றது. திருப்பி அனுப்பினேன். அதற்குள் பிளக் பாயின்ட் பார்க்க வந்த எலெக்ட்ரிஷியன் இன்னொரு குண்டைப் போட்டார். பாத்ரூம் சாக்கெட்டில் எர்த் பின்னுக்கு ஓட்டை இருக்கிறது, அதன் பின்னால் ஒயரே இல்லை. இரண்டு வருஷமாக அதே சாக்கெட்டில்தான் எங்கள் கீசர் ஓடிக்கொண்டிருந்தது.

எண்களை வைத்துப் பிழைப்பு நடத்தும் எனக்கே ஒரு டேப்பை எடுத்து கமோட்டை அளக்கத் தோன்றவில்லை. அதனால்தான் இந்த விளக்கக் கட்டுரை. 'எந்த பிராண்ட் நல்லது?' என்பது கடைசிக் கேள்வி. அதற்கு முன் நாலு விஷயம் தெரிய வேண்டும்: உட்காரப் போகிற ஆள், கமோட்டின் அளவு, தண்ணீரின் அழுத்தம், கரன்ட்டின் பாதுகாப்பு. இந்த நாலும் தெரிந்துவிட்டால் சீட்டைத் தேர்ந்தெடுக்க அரை மணி நேரம் போதும்.

பிடே சீட் என்றால் என்ன?

'பிடே' பிரெஞ்சுச் சொல். அதன் பொருள் குட்டைக் குதிரை. குதிரைமேல் அமர்வது போல் கால்களை இருபக்கமும் போட்டு உட்கார்ந்து கழுவும் பீங்கான் தொட்டிக்கு வந்த பெயர் அது. ஐரோப்பாவில் அது கமோட்டுக்குப் பக்கத்தில் தனியாக இருக்கும். இத்தாலியில் வீடுகளில் பிடே இருக்க வேண்டும் என்று 1975-ல் அரசாணையே வந்தது.

நாம் இன்று பேசுவது அந்தத் தனித் தொட்டி அல்ல. கமோட்டின் பிளாஸ்டிக் சீட்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் மாட்டும் சீட். அதன் அடியில் இருந்து ஒரு சிறு குழாய் (நாசில்) வெளியே வந்து தண்ணீரைப் பீய்ச்சும். இந்தக் கருவி ஆடம்பரமாகப் பிறக்கவில்லை. நியூயார்க்கைச் சேர்ந்த ஆர்னால்ட் கோஹன் என்பவர் 1960-களில் இதை உருவாக்கியது, உடல்நலம் குன்றியிருந்த தன் தந்தைக்காக. அதே காலகட்டத்தில் ஜப்பானுக்குப் போன அமெரிக்க சீட்டுகளும் மருத்துவத் தேவைக்காகத்தான் போயின. பிறகு 1980-ல் ஜப்பானின் டோட்டோ நிறுவனம் 'வாஷ்லெட்' என்ற பெயரில் இதை வீட்டுப் பொருளாக்கியது. இன்று அந்த நாட்டில் சுமார் 80 சதவீத வீடுகளில் வெந்நீர் பிடே சீட் இருக்கிறது.

நமக்குத்தான் ஹெல்த் ஃபாசெட் இருக்கே, இது எதுக்கு?

நியாயமான கேள்வி. அமெரிக்காவில் இந்தச் சீட்டை விற்பவர்கள் 'பேப்பரை விடுங்கள், தண்ணீருக்கு வாருங்கள்' என்கிறார்கள். நாம் எப்போதும் தண்ணீர்க் கட்சிதான். சொம்பு, மக்கு, ஹெல்த் ஃபாசெட் என்று கருவி மாறியிருக்கிறது, அவ்வளவுதான். இரண்டு கையும் நன்றாக இயங்குகிற ஒருவருக்கு ஹெல்த் ஃபாசெட்டே போதும். அது மலிவு, கரன்ட் வேண்டாம், கெட்டால் பக்கத்துத் தெரு ஹார்ட்வேர் கடையில் வாங்கிவிடலாம்.

ஆனால் ஹெல்த் ஃபாசெட்டைப் பயன்படுத்த உடம்பு என்னென்ன செய்கிறது என்று யோசித்துப் பாருங்கள். ஒரு கை பிடிக்க வேண்டும், விரல் லீவரை அழுத்த வேண்டும், இடுப்பு திரும்ப வேண்டும், மறு கை பின்னால் எட்ட வேண்டும். இதில் ஒன்று முடியாமல் போனாலும் சிக்கல். அப்படி முடியாமல் போகிறவர்கள் நம் வீட்டிலேயே இருக்கிறார்கள்:

• தோள்பட்டை இறுகிப்போனவர்கள் (ஃப்ரோஸன் ஷோல்டர்), மூட்டுவாதம் உள்ளவர்கள்
• பக்கவாதம் வந்து ஒரு பக்கம் பலவீனமானவர்கள், பார்க்கின்சன் நோய் உள்ளவர்கள்
• கை, தோள், இடுப்பு அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர்கள்
• நிறைமாதக் கர்ப்பிணிகள், பிரசவம் முடிந்தவர்கள்
• மூலம், ஆசனவாய் வெடிப்பு உள்ளவர்கள். இவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு, மிகக் குறைந்த வேகத்தில் மட்டும் பயன்படுத்த வேண்டும்

பெரியவர்கள் இதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். தண்ணீரைக் குறைப்பார்கள், சாப்பாட்டைக் குறைப்பார்கள். அதனால் மலச்சிக்கலும் சிறுநீர்த் தொற்றும் வந்து, பிரச்சினை இன்னும் பெரிதாகும். வீட்டில் யாராவது காரணம் சொல்லாமல் தண்ணீர் குடிப்பதைக் குறைத்திருந்தால், ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. நீண்ட கால நீரிழிவால் உணர்வு மரத்துப்போனவர்களுக்குச் சூடான சீட் ஆபத்தாகலாம். சூடு தெரியாமலேயே நெடுநேரம் உட்கார்ந்திருந்தால் தோல் புண்ணாகும். அவர்கள் பயன்படுத்தும்போது சீட் சூட்டை அணைத்துவிடுங்கள்.

என்னென்ன வகை இருக்கு?

சந்தையில் நூறு மாடல் இருந்தாலும் வகை மூன்றுதான்.

முதல் வகை: அட்டாச்மென்ட். இருக்கிற சீட்டைக் கழற்றி, அதன் அடியில் ஒரு தட்டையான பட்டையை வைத்து, மேலே பழைய சீட்டையே மாட்டுவது. பக்கவாட்டில் ஒரு குமிழ். கரன்ட் வேண்டாம். சில ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். குறை: சீட் லேசாகத் தூக்கிக்கொண்டு நிற்கும், மலிவான பொருளாக இருந்தால் ஆடும்.

இரண்டாவது வகை: கரன்ட் இல்லாத பிடே சீட். சீட்டும் மூடியும் சேர்ந்தே வரும், தண்ணீரின் அழுத்தத்திலேயே இயங்கும். விலையில் முதல் வகையைவிட ஒரு படி மேலே. உட்கார உறுதியாக இருக்கும். கெட்டுப்போக உள்ளே பெரிதாக எதுவும் கிடையாது.

மூன்றாவது வகை: எலெக்ட்ரானிக் சீட். வெந்நீர், சீட் சூடு, காற்றில் உலர்த்துவது, நாசிலை முன்னும் பின்னும் நகர்த்துவது, ரிமோட் எல்லாம் இதில்தான். விலை பத்தாயிரங்களில் தொடங்கி லட்சத்தைத் தொடும். இதிலும் இரண்டு பிரிவு உண்டு. ஒன்றில் உள்ளே சிறு டேங்க் இருந்து தண்ணீரை எப்போதும் சூடாகவே வைத்திருக்கும். ஒரு நிமிடம் போல் கழித்து வெந்நீர் தீர்ந்துவிடும். இன்னொன்று, தண்ணீர் போகப் போகவே சூடாக்கும் 'இன்ஸ்டன்ட்' வகை. வெந்நீர் தீராது, ஆனால் அந்த நேரத்தில் கரன்ட்டை அதிகம் இழுக்கும்.

கையை முழுவதும் பயன்படுத்த முடியாதவருக்குக் காற்றில் உலர்த்தும் வசதி உண்மையிலேயே உதவும். மற்றவர்களுக்கு அது மெதுவாக இருக்கிறது என்றே தோன்றும். நாற்றம் போக்கும் விசிறி, இரவு விளக்கு, தானாகத் திறக்கும் மூடி இவற்றுக்கெல்லாம் காசு கொடுப்பது உங்கள் விருப்பம். ஆனால் பெரியவர்களுக்கு வாங்குகிறீர்கள் என்றால் ரிமோட்டில் 'கழுவு', 'நிறுத்து' இரண்டு பட்டன்களும் பெரிதாக, தடவிப் பார்த்தாலே தெரிகிற மாதிரி இருக்க வேண்டும். படத்தில் அழகாக இருக்கும் தொடுதிரை, கண்ணாடி போடாத அம்மாவுக்கு உதவாது.

முதல் அளவு: கமோட்

வாங்கியபின் திருப்பி அனுப்ப வேண்டி வருவது பெரும்பாலும் இதில் கோட்டை விடுவதால்தான். டேப்பை எடுத்து நாலு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

1. சீட்டை மாட்டும் இரண்டு ஓட்டைகளுக்கு நடுவே உள்ள தூரம், மையத்திலிருந்து மையம் வரை. பெரும்பாலும் 14 முதல் 16 செ.மீ. வரை இருக்கும்.
2. அந்த ஓட்டைகளிலிருந்து கமோட்டின் முன்விளிம்பு வரை உள்ள நீளம். நான் கோட்டை விட்டது இங்கேதான். அமெரிக்காவில் 'நீளம்' எனப்படும் வகை சுமார் 47 செ.மீ., 'வட்டம்' எனப்படுவது சுமார் 42 செ.மீ. நம் ஊர்ச் சுவர்க் கமோட்டுகள் பல இரண்டாவதுக்கு நெருக்கமாக இருக்கும்.
3. கமோட்டின் அதிகபட்ச அகலம்.
4. ஓட்டைகளுக்குப் பின்னால், ஃப்ளஷ் டேங்க் அல்லது சுவர் வரை உள்ள இடைவெளி. எலெக்ட்ரானிக் சீட்டின் பின்பகுதி தடிமனாக இருக்கும். அங்கே இடம் இல்லாவிட்டால் மூடி நிமிர்ந்து நிற்காது.

அளவோடு வடிவத்தையும் பாருங்கள். மேலிருந்து பார்க்கும்போது முட்டை வடிவமா, 'ட' எழுத்து மாதிரி மூலைகளோடு சதுரமாக இருக்கிறதா என்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். சதுரக் கமோட்டில் முட்டை வடிவ சீட் பொருந்தினாலும் ஓரங்கள் வெளியே தெரியும். இருபக்கமும் கால் வைக்க இடம் உள்ள ஆங்கிலோ-இந்தியன் வகைக்கும், தரையில் பதித்த இந்தியன் வகைக்கும் இந்தச் சீட் பொருந்தாது.

இன்னொன்று: போல்ட்டை எங்கிருந்து முடுக்குகிறோம்? பழைய கமோட்டுகளில் அடியில் கைவிட்டு நட்டைத் திருகலாம். சுவரில் தொங்கும் பல கமோட்டுகளில் அடிப்பக்கம் மூடியிருக்கும். அதற்கு மேலிருந்தே முடுக்கும் ரப்பர் விரியும் போல்ட் வேண்டும். சீட்டோடு அது வருகிறதா என்று கேட்டுவிடுங்கள்.

இரண்டாவது அளவு: தண்ணீர்

இங்கேதான் நம் வீடுகள் ஜப்பான் வீடுகளிலிருந்து மாறுபடுகின்றன. நமக்குத் தண்ணீர் பெரும்பாலும் மொட்டைமாடி டேங்க்கிலிருந்து இறங்கி வருகிறது. அழுத்தத்தை உயரம்தான் தீர்மானிக்கும். கணக்கு எளிது: 10 மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ 1 பார் அழுத்தம். பல மாடல்களின் விவரக் குறிப்பு குறைந்தது 0.5 முதல் 0.7 பார் வரை கேட்கும். சிலவற்றில் இதையே 0.05 மெகாபாஸ்கல் என்று போட்டிருப்பார்கள், 0.5 பாரும் அதுவும் ஒன்றுதான்.

ஒரு சாதாரண அபார்ட்மென்ட்டை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு தளமும் 3 மீட்டர். டேங்க்கின் அடிப்பகுதி மொட்டைமாடித் தளத்திலிருந்து 1 மீட்டர் உயரத்தில். சீட் தரையிலிருந்து அரை மீட்டரில்.

• மேல்தளம்: 3.5 மீட்டர், சுமார் 0.35 பார். போதாது.
• அதற்கு ஒரு தளம் கீழே: 6.5 மீட்டர், சுமார் 0.65 பார். விளிம்பில்.
• இரண்டு தளம் கீழே: 9.5 மீட்டர், சுமார் 0.95 பார். தாராளம்.

குழாயின் வளைவுகளிலும் துருவிலும் இதில் கொஞ்சம் காணாமல் போகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மேல்தளத்தில் இருக்கிறீர்கள், வீட்டுக்கு பிரஷர் பம்ப்பும் இல்லை என்றால், கரன்ட் இல்லாத வகை சீட் உங்களை ஏமாற்றும். சிறு பூஸ்டர் பம்ப் போடலாம், அல்லது உள்ளேயே பம்ப் வைத்த எலெக்ட்ரானிக் மாடலைத் தேடலாம். ஹெல்த் ஃபாசெட்டே தளர்ந்து வழிகிற பாத்ரூம் என்றால் அதுவே முதல் அறிகுறி.

அடுத்தது உப்பு. பெங்களூரு, ஹைதராபாத், சென்னை புறநகர் என்று போர்வெல்லையும் டேங்கர் லாரியையும் நம்பியிருக்கும் இடங்களில் தண்ணீர் கடினமாக இருக்கும். குடிநீருக்கான இந்தியத் தர அளவின்படி கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு வழியில்லை என்றால் 600 வரை. கடினமான தண்ணீரைச் சூடாக்கும்போதுதான் சுண்ணாம்பு படியும். உங்கள் கீசர் எலிமென்ட்டில் வெள்ளையாக அடை அடையாகப் படிகிறதா? அதே கதைதான் பிடே சீட்டின் உள்ளேயும் நடக்கும். வித்தியாசம், கீசரைத் திறந்து சுரண்டலாம். இதைத் திறந்தால் வாரன்ட்டி போய்விடும். மிகக் கடினமான தண்ணீர் உள்ள வீட்டில் கரன்ட் இல்லாத வகைதான் நீண்ட நாள் ஓடும்.

மூன்றாவது அளவு: கரன்ட்

நம் பாத்ரூம் 'ஈர பாத்ரூம்'. பக்கெட்டில் அள்ளிக் குளிக்கிறோம், கழுவும்போது சுவரெல்லாம் தண்ணீர் அடிக்கிறோம். அங்கே, வெற்றுடம்போடும் ஈரத்தோடும் உட்காரும் பொருளுக்குக் கரன்ட் கொடுக்கப் போகிறோம். அதனால் இந்தப் பகுதியில் மட்டும் 'அட்ஜஸ்ட்' வேண்டாம்.

எர்த். மூன்று பின் சாக்கெட் இருப்பதாலேயே எர்த் இருக்கிறது என்று அர்த்தமில்லை. என் வீடே சாட்சி. எலெக்ட்ரிஷியனிடம் மல்டிமீட்டர் வைத்து ஃபேஸ்-எர்த், நியூட்ரல்-எர்த் இரண்டையும் அளக்கச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே கிட்டத்தட்ட முழு 230 வோல்ட்டும் காட்ட வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரு வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது.

ஆர்சிசிபி. எம்சிபி இருக்கிறதே என்று பலர் நினைப்பார்கள். எம்சிபி ஒயர் எரியாமல் காக்கும், ஆளைக் காக்காது. கரன்ட் ஒயரை விட்டுக் கசிந்து உடம்பு வழியாகப் போனால், ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் லைனைத் துண்டிப்பது ஆர்சிசிபி. அதன்மேல் 30 மில்லியாம்பியர் என்று எழுதியிருக்க வேண்டும். 100 அல்லது 300 என்றிருந்தால் அது தீ விபத்தைத் தடுப்பதற்கானது, உயிர் காக்க அது போதாது. மாதம் ஒரு தடவை அதன் 'டெஸ்ட்' பட்டனை அழுத்துங்கள். உடனே விழ வேண்டும். விழவில்லை என்றால் மாற்றுங்கள்.

சாக்கெட். இதுவும் ஒரு பெருக்கல்தான். 6 ஆம்பியர் சாக்கெட் தாங்குவது 6 × 230 = 1,380 வாட். இன்ஸ்டன்ட் வகை சீட்டின் லேபிளில் அதற்கு மேல் போட்டிருந்தால் 16 ஆம்பியர் பாயின்ட்டும் அதற்கேற்ற தடிமன் ஒயரும் வேண்டும். சாக்கெட் ஷவரிலிருந்து முடிந்தவரை தள்ளி, தண்ணீர் தெறித்தாலும் உள்ளே போகாத மூடியோடு (லேபிளில் ஐபிஎக்ஸ்4 அல்லது அதற்கு மேல்) இருக்கட்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது. இன்வெர்ட்டர் லைனிலும் மாட்டாதீர்கள்.

வெளிநாட்டு சீட். அமெரிக்காவில் இருக்கும் அண்ணன் 'நான் வாங்கிட்டு வர்றேன்' என்பார். அன்போடு மறுத்துவிடுங்கள். அங்கே 120 வோல்ட், ஜப்பானில் 100, இங்கே 230. நேராக மாட்டினால் புகைந்துவிடும். ட்ரான்ஸ்ஃபார்மர் வைக்கலாமே என்றால், அதை ஈர பாத்ரூமில் எங்கே வைப்பீர்கள்? போதாததற்கு அங்கே தண்ணீர் இணைப்புகளின் அளவும் வேறு. நம் அரை இஞ்ச் குழாய்க்குப் பொருந்தாது.

எந்த ஊருக்கு எவ்வளவு வெந்நீர்?

இதற்கும் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நிமிடத்துக்கு அரை லிட்டர் தண்ணீர், 38 டிகிரி வெப்பம் என்று வைத்துக்கொள்வோம். குழாய்த் தண்ணீர் 10 டிகிரியில் வரும் தில்லி ஜனவரியில் அதைச் சூடாக்க ஏறத்தாழ 980 வாட் வேண்டும். 28 டிகிரியில் வரும் சென்னையில் 350 வாட் போதும். மே மாத மத்தியானம் மொட்டைமாடி டேங்க் தண்ணீர் தானாகவே அந்தச் சூட்டைத் தாண்டிவிடும். அப்போது உங்களுக்குத் தேவை ஹீட்டர் அல்ல, டேங்க்குக்கு நிழல்.

நாலு பேர் வீட்டில், ஆளுக்கு தினம் 2 நிமிடம் என்றால், மாதத்துக்குத் தில்லிக் குளிரில் சுமார் 4 யூனிட். சென்னையில் ஒன்றரை யூனிட். பயப்பட ஒன்றுமில்லை. கரன்ட்டைத் தின்பது சீட் சூடுதான். 50 வாட் ஹீட்டர் 24 மணி நேரமும் ஓடினால் மாதம் 36 யூனிட். தெர்மோஸ்டாட் அவ்வப்போது அணைப்பதால் உண்மையில் குறையும். ஆனாலும் சும்மா கிடக்கும் நேரத்தில்தான் செலவு என்பதைப் பார்த்துக்கோங்க. சிக்கனப் பட்டன் இருந்தால் அழுத்திவிடுங்கள்.

ஆக, தமிழ்நாட்டுச் சமவெளியிலோ மும்பையிலோ இருப்பவர்கள் வெந்நீருக்காகப் பத்தாயிரங்களைக் கொட்டுவதற்கு முன் ஒரு முறை யோசிக்கலாம். தில்லி, சண்டிகர், ஊட்டி என்றால் அது நியாயமான செலவு. ஆனால் கீசர் தண்ணீரை நேராக சீட்டில் இணைக்கும் குறுக்குவழி மட்டும் வேண்டாம். கீசரில் தண்ணீர் தோலைப் பொசுக்கும் அளவுக்குச் சூடாகும்.

பொருத்துவது எப்படி?

கரன்ட் இல்லாத வகையை நீங்களே ஒரு மணி நேரத்தில் மாட்டலாம். தேவை: ஸ்பேனர், ஸ்க்ரூட்ரைவர், டெஃப்லான் டேப், ஒரு பழைய துணி, கொஞ்சம் டிஷ்யூ பேப்பர்.

1. தண்ணீர் எங்கிருந்து எடுப்பது என்று முதலில் பாருங்கள். ஃப்ளஷ் டேங்க் வெளியே தெரிந்தால், அதற்குப் போகும் ஆங்கிள் காக்கிலிருந்து (சுவரில் உள்ள சின்ன வால்வு) 'டி' இணைப்பு போட்டு எடுக்கலாம். டேங்க் சுவருக்குள் மறைந்திருந்தால் அந்த வழி கிடையாது. ஹெல்த் ஃபாசெட்டின் ஆங்கிள் காக்கைக் கழற்றி, இரண்டு வாய் உள்ள டூ-வே ஆங்கிள் காக் மாட்டுங்கள். ஒன்று ஃபாசெட்டுக்கு, இன்னொன்று சீட்டுக்கு. இதற்கு பாத்ரூம் மெயின் வால்வை மூட வேண்டும். பழக்கமில்லை என்றால் இந்த ஒரு வேலைக்கு மட்டும் ப்ளம்பரைக் கூப்பிடுங்கள்.

2. வால்வை மூடி, ஒரு தடவை ஃப்ளஷ் செய்து டேங்க்கைக் காலி செய்யுங்கள். பழைய சீட்டைக் கழற்றுங்கள். துருப்பிடித்த நட் என்றால் எண்ணெய் விட்டுக் காத்திருங்கள்; முரட்டுத்தனமாகத் திருகினால் பீங்கான் விரிசல் விடும்.

3. ஓட்டைகளைச் சுற்றித் துடைத்துக் காயவிட்டு, புது சீட்டின் அடித்தட்டைப் பொருத்துங்கள். ரப்பர் வாஷர் பீங்கானைத் தொடும் பக்கம் இருக்கட்டும். முழுதாக முடுக்காமல் சீட்டை ஏற்றி, நடுவில் நிற்கிறதா என்று பார்த்த பிறகு முடுக்குங்கள்.

4. சுவரில் போகும் உலோக மரையில் டெஃப்லான் டேப்பை மரை ஓடும் திசையிலேயே சுற்றுங்கள். உள்ளே ரப்பர் வாஷர் உள்ள இணைப்புக்கு டேப் வேண்டாம். பிளாஸ்டிக் நட்டைக் கையால் முடுக்கி, அதன் மேல் கால் திருப்பு போதும்.

5. குழாய், எஃகுப் பின்னல் போட்டதாக இருக்கட்டும். இந்த லைனில் எந்நேரமும் அழுத்தம் இருக்கும். மலிவு பிளாஸ்டிக் குழாய் நீங்கள் ஆபீஸில் இருக்கும்போது வெடித்தால் கீழ்வீட்டுக் கூரை வரை போகும். தண்ணீர் திரும்பி லைனுக்குள் போகாமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வும் இருக்க வேண்டும். சீட்டில் இல்லாவிட்டால் தனியாகக் கிடைக்கும்.

6. வால்வை மெதுவாகத் திறங்கள். ஒவ்வொரு இணைப்பிலும் உலர்ந்த டிஷ்யூவைச் சுற்றிப் பிடித்துப் பாருங்கள். நனைந்தால் கசிவு. மறுநாள் காலையும் இதையே ஒரு தடவை செய்யுங்கள்.

7. எலெக்ட்ரானிக் சீட் என்றால், தண்ணீர் வேலை முடிந்து எல்லாம் காய்ந்த பிறகுதான் பிளக். முதல் முறை, சென்சாரை ஏமாற்றி சோதிக்கும் வழி மேனுவலில் இருக்கும். குனிந்து பார்த்துக்கொண்டே பட்டனை அழுத்தாதீர்கள். முகத்தில் அடிக்கும், அனுபவத்தில் சொல்கிறேன்.

ஹெல்த் ஃபாசெட்டைக் கழற்றிவிடாதீர்கள். கரன்ட் போனால் பல எலெக்ட்ரானிக் சீட்டுகளில் தண்ணீர் வராது. நடுவில் உட்கார்ந்திருக்கும்போது கரன்ட் போவதை யோசித்துப் பாருங்கள்.

வாடகை வீட்டில் என்ன செய்வது?

சீட்டை மாட்ட எதையும் உடைக்க வேண்டாம். காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போகலாம். பழைய சீட், போல்ட், பழைய ஆங்கிள் காக் மூன்றையும் ஒரு பையில் போட்டுப் பெயர் எழுதி வையுங்கள். ஆனால் அடுத்த வீட்டுக் கமோட் வேறு அளவில் இருக்கலாம் என்பதால், அடிக்கடி வீடு மாறுகிறவர்கள் விலை குறைந்த வகையில் நிற்பது புத்திசாலித்தனம். புது பிளக் பாயின்ட், எர்த் வேலைக்கு வீட்டுக்காரரிடம் எழுத்தில் கேளுங்கள். 'பிடே சீட் வேணும்' என்று ஆரம்பித்தால் 'உங்க செலவு' என்பார். 'பாத்ரூம் சாக்கெட்ல எர்த் இல்ல, கீசர் ஓடுது' என்று, மீட்டர் போட்டோவோடு ஆரம்பியுங்கள். அது அவர் பொறுப்பு என்பது அவருக்கும் தெரியும்.

பராமரிப்பு

கமோட்டுக்கு ஊற்றும் ஆசிட் கலந்த க்ளீனர் சீட்டிலும் நாசிலிலும் படக் கூடாது. மென்மையான சோப்புத் தண்ணீரும் துணியும் போதும். தண்ணீர் நுழையும் இடத்தில் உள்ள சின்ன வலையை மாதம் ஒரு தடவை கழற்றி அலசுங்கள். டேங்க் கழுவிய மறுநாளும் அலசுங்கள். வேகம் குறைந்துவிட்டது என்ற புகார் வரும்போதெல்லாம் முதலில் பார்க்க வேண்டியது அந்த வலையைத்தான்.

வீட்டுவேலைக்கு வருகிறவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்: பாத்ரூம் கழுவும் முன் பிளக்கின் ஸ்விட்சை அணைக்கணும், சீட்மேல் பக்கெட் தண்ணீர் ஊற்றக் கூடாது. அவர் பாதுகாப்பும் இதில் இருக்கிறது.

கழுவுவதிலும் அளவு வேண்டும். வேகத்தைக் குறைந்த நிலையில் தொடங்குங்கள். அரை நிமிடம், ஒரு நிமிடம் போதும். வேகமாக, நெடுநேரம் அடித்தால் தோல் வறண்டு அரிப்பு வரும். முடிந்ததும் ஈரத்தை ஒற்றி எடுங்கள்.

கடையில் கேட்க வேண்டிய ஆறு கேள்விகள்

• என் கமோட்டின் இந்த நாலு அளவுக்கும் பொருந்துமா? (எண்களையும் போட்டோவையும் காட்டுங்கள்)
• குறைந்தபட்சத் தண்ணீர் அழுத்தம் எவ்வளவு வேண்டும்?
• அதிகபட்ச வாட் எவ்வளவு? 6 ஆம்பியரா, 16 ஆம்பியரா?
• மேலிருந்து முடுக்கும் போல்ட், டி-வால்வு, நான்-ரிட்டர்ன் வால்வு பெட்டியிலேயே இருக்கிறதா?
• என் ஊரில் சர்வீஸ் ஆள் உண்டா? நாசிலும் வலையும் தனியாகக் கிடைக்குமா?
• கடின நீரால் வரும் பழுதுக்கு வாரன்ட்டி உண்டா?

கடைசிக் கேள்விக்குப் பதில் தரும்போது விற்பனையாளர் கொஞ்சம் இழுப்பார். வாரன்ட்டி அட்டையை வாங்கி நீங்களே படித்துவிடுங்கள்.

எங்கள் வீட்டில் கடைசியில் நடந்தது இதுதான். சீட் திரும்பிப் போன மறுநாளே, கரன்ட் இல்லாத ஓர் அட்டாச்மென்ட்டை ஹார்ட்வேர் கடையில் வாங்கி மாட்டினேன். தில்லித் தண்ணீர் பட்டதும் அம்மா உள்ளேயிருந்து கத்தினார். ஆனாலும் அன்றைக்கே பாட்டில் காலியானது. எர்த் ஒயர் இழுத்து, ஆர்சிசிபி மாற்றி, அளந்து வாங்கிய எலெக்ட்ரானிக் சீட் வந்து சேர இரண்டு வாரம் ஆனது. அந்த இரண்டு வாரமும் கீசரை நாங்கள் போடவில்லை, அடுப்பில்தான் வெந்நீர்.

மாவுக்கட்டு பிரித்து அம்மா ஈரோட்டுக்குத் திரும்பியபோது, அந்த அட்டாச்மென்ட்டைப் பெட்டியில் வைத்து அனுப்பினேன். அங்கே மொட்டைமாடி டேங்க், கீழ்த்தளத்தில் பாத்ரூம், குளிரும் கிடையாது. கணக்குப்படி அதுவே போதும். போன வாரம் போனில் பேசும்போது, முழங்கால் வலியோடு இருக்கும் பக்கத்து வீட்டு அக்காவும் இது மாதிரி ஒன்று கேட்கிறார் என்றார் அம்மா. நான் முதலில் கேட்டது, "அவங்க கமோட்டோட நீளம் எவ்வளவும்மா?"